உயிர் இருக்கிறதா என்று பார்

மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் ஜெஸ்-டூ என்று ஒரு பகுதி உண்டு. அதன் செக்பாயின்ட் பூட்டை விடுவிக்கும் கட்டளை ஒரே வரி. டாலர் குறி, ஈ, அதையடுத்து செக்பாயின்ட் லாக் என்பதன் சுருக்கம், ஒரு கமா, ஹெல்ட்பை என்ற சொல், சமக்குறி, பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் சிஸ்டத்தின் பெயர். என்டர் தட்டினால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். பள்ளிப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மெயின்ஃப்ரேமில் எனக்கு மிகவும் பயம் தரும் கட்டளைகளில் அதுவும் ஒன்று.

எங்கள் டீமில் ஒரு தம்பி இருக்கிறான், திருநெல்வேலிப் பையன். போன நவம்பரில் நடந்ததை எழுதுங்கள் அக்கா என்று விடாமல் நச்சரிக்கிறான். கம்ப்யூட்டர் தொழிலிலேயே இருந்துகொண்டு மெயின்ஃப்ரேமை மியூசியத்தில் தேடுகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் அடியிலிருந்து ஆரம்பிக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் மழை வரும் இடத்துக்குத் தாவிவிடலாம்.

ஐபிஎம் 1964-ல் சிஸ்டம்/360 என்ற கணினி வரிசையை அறிவித்தது. இன்றைக்கு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஓட்டும் இசட்-ஓஎஸ் அந்த வம்சத்தில் வந்ததுதான். அதில் பேட்ச் வேலைகளை, அதாவது ஆள் உட்காராமல் மொத்தமாக ஓடும் வேலைகளை வாங்கி, வரிசையில் நிறுத்தி, முறைப்படி ஓடவிட்டு, வெளிவரும் அறிக்கைகளை ஸ்பூல் டிஸ்கில் பத்திரப்படுத்தும் சப்சிஸ்டத்துக்கு ஜெஸ்-டூ என்று பெயர். முதன்மை சப்சிஸ்டம் என்றே அதற்குத் தகுதி. 1960-களில் ஹூஸ்டனில் நாசா மையத்துக்காக வேலை பார்த்த ஐபிஎம்காரர்கள் ஹாஸ்ப் என்று ஒரு ஸ்பூலிங் புரோகிராம் எழுதினார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்து ஹூஸ்டனைக் குறிக்கும். ஜெஸ்-டூ அதன் வாரிசு. இப்போதும் அதன் செய்திகள் எல்லாம் டாலர்-ஹாஸ்ப் என்றுதான் ஆரம்பிக்கும். அப்பல்லோ காலத்துப் பெயர் கோத்தகிரியில் என் லேப்டாப் திரையில் தினமும் ஓடுகிறது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஒரே ஸ்பூலைப் பல சிஸ்டம்கள் பங்கிட்டுக்கொள்ளலாம், முப்பத்திரண்டு வரைக்கும். எந்த வேலை எந்த வரிசையில் நிற்கிறது, ஸ்பூலில் எந்த இடம் காலி என்பதெல்லாம் செக்பாயின்ட் என்ற ஒரே டேட்டா செட்டில் இருக்கும். டேட்டா செட் என்றால் மெயின்ஃப்ரேம் பாஷையில் ஃபைல். அதில் எழுத ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. பூட்டைப் பிடி, படி, மாற்று, எழுது, விடு, அடுத்தவர் பிடிப்பார். யார் எவ்வளவு நேரம் பிடிக்கலாம், விட்ட பிறகு எவ்வளவு நேரம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதை நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அமைத்து வைப்போம். நாள் முழுக்க இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும், யார் கண்ணிலும் படாது. பிடித்தவர் விடாமல் நின்றுவிட்டால்தான் மற்றவர்கள் திரையில் டாலர்-ஹாஸ்ப் 263 வரும். செக்பாயின்டுக்காகக் காத்திருக்கிறேன், பூட்டு இன்னாரிடம் இருக்கிறது என்று சொல்லும்.

அது வந்துவிட்டால் வினோதமான ஒரு நிலைமை. ஆன்லைன் சேவைகள் பாட்டுக்கு ஓடும், வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புதிய வேலை ஒன்றுகூடத் துவங்காது. மெயின்ஃப்ரேமுக்குள் ஆட்கள் நுழையும் வாசலான டிஎஸ்ஓ-வில் லாகின் செய்யப் போனால் அப்படியே நிற்கும், ஏனென்றால் லாகின் செய்யும் ஆளையும் ஜெஸ்-டூ ஒரு வேலையாகத்தான் பதிவு செய்கிறது. சரி செய்ய வேண்டிய ஆளே உள்ளே போக முடியாது. ஆபரேட்டர் கட்டளை அடிக்கும் திரையான கன்சோல் ஒன்றுதான் கதி.

இனி மழை.

எங்கள் கிளையன்ட் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனம். ஒரே ஸ்பூலைப் பங்கிட்டுக்கொள்ளும் அவர்களுடைய சிஸ்டம்களை இங்கே ஏ, பி, சி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய இரவு பேட்ச் பத்து மணிக்குத் துவங்கும். இங்கே விடியற்காலை மூன்றரை. நவம்பர் மழை கோத்தகிரியில் எப்படிப் பெய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சப்பனை பக்கம் மண் சரிவு, கட்டபெட்டு பக்கம் மரம் விழுந்தது என்று வாட்ஸாப்பில் வந்துகொண்டே இருந்தது. எங்கள் ஃபைபர் கேபிளும் ஏதோ ஒரு மரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது. கரன்ட் இல்லை, இன்வெர்ட்டர். சமையலறை ஜன்னல் ஓரத்தில் மட்டும் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும். அங்கே மிக்ஸியைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பை வைத்திருந்தேன். அம்மா எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் சாயத்தண்ணி போட்டு வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் பால் சேர்க்காத டீக்கு இன்னமும் அதுதான் பேர்.

தம்பி சென்னையிலிருந்து போன் செய்தான். ரன்புக் என்று அவன் சொல்வது, கோளாறு வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்த கையேடு.

“அக்கா, 263 வந்திருக்கு. ஏ-யும் பி-யும் நின்னுட்டு. சி லாக்கைப் புடிச்சிருக்காம். ரன்புக்ல கமாண்ட் போட்டிருக்கு. அடிச்சிரட்டா?”

“அடிக்காத. சி என்ன ஆச்சு?”

“ஒண்ணும் பதில் இல்லக்கா. செத்துட்டு.”

“பதில் இல்லையா, செத்துருச்சா? எது?”

“ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

இந்தப் பதிவே அந்தக் கேள்விக்காகத்தான். ரெண்டும் ஒன்று இல்லை.

கன்சோலில் இன்னொரு செய்தியும் பதிலுக்காகக் காத்திருந்தது. ஐஎக்ஸ்சி 402. சிஸ்டம்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று கவனித்துக்கொள்ள எக்ஸ்சிஎஃப் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு சிஸ்டமும் பொதுவான ஒரு டேட்டா செட்டில், நான் இருக்கிறேன், இருக்கிறேன் என்று நேரம் குறித்துக்கொண்டே இருக்கும். குறிப்பது நின்று குறிப்பிட்ட நேரம் தாண்டினால் மற்றவை சந்தேகப்பட ஆரம்பிக்கும். அப்போது இந்தச் செய்தி வரும்: சி கடைசியாக இயங்கியது இத்தனை மணிக்கு; சிஸ்டம் ரீசெட் செய்த பிறகு டவுன் என்று பதில் சொல், இல்லையென்றால் இத்தனை நொடி கழித்துத் திரும்பக் கேட்கிறேன் என்று சொல்.

‘செய்த பிறகு’ என்று இருப்பதைத் தம்பியைப் படிக்கச் சொன்னேன். அந்தச் செய்தியை எழுதியவர் யாரோ, அனுபவப்பட்டவர். சி செத்துவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் நாம் என்ன சொல்லுவோம் என்று அவருக்குத் தெரியும். ரீசெட் செய்துவிட்டு வந்து சொல் என்கிறார். பார்த்துச் சொல்லாதே, உறுதிப்படுத்திவிட்டுச் சொல்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரியவைத்தது கணினி இல்லை, எங்கள் குடும்பத்து நிலத் தகராறு. நாங்கள் சிலோனிலிருந்து வந்த குடும்பம். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-ல் இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது; பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது அதுதான். அண்ணனும் தம்பியும் கூலியில் மிச்சம் பிடித்து அரவேணு பக்கம் கொஞ்சம் இடம் வாங்கினார்கள், இருவர் பேரிலும். பிறகு சின்னத் தாத்தா காப்பித் தோட்ட வேலைக்கென்று குடகுக்குப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

கடிதம் நின்றதால் நிலமும் நின்றது. விற்க முடியாது, பிரிக்க முடியாது, அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. வக்கீல் சொன்னார்: “செத்ததுக்கும் சான்று இல்ல, இருக்கறதுக்கும் சான்று இல்ல. நான் என்னத்த எழுதறது?” அப்பாயியோ, “வந்து நிப்பான் பாரு” என்று கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. 1872-ன் சாட்சியச் சட்டம், 108-வது பிரிவு: ஒருவரைப் பற்றி வழக்கமாகத் தகவல் வர வேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் எந்தத் தகவலும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் அதே ஏழு வருஷம்தான். அப்படித்தான் எங்கள் நிலமும் கடைசியில் பிரிந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு வெறும் அனுமானம். சின்னத் தாத்தா ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தால், வழக்கு போட்டுப் பங்கைக் கேட்டிருக்கலாம். சண்டை வந்திருக்கும், ஆனால் சரிசெய்ய முடியாதது ஒன்றும் இல்லை.

செக்பாயின்டில் அந்தச் சலுகை கிடையாது. பூட்டைப் பிடித்த சி உயிரோடு இருக்கும்போதே அதன் கையிலிருந்து பூட்டைப் பிடுங்கி ஏ-யிடம் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். ஏ எழுதும், பி எழுதும். சி-க்கு இது எதுவும் தெரியாது. தன் நினைவில் வைத்திருக்கும் பழைய படியை நம்பி அதுவும் எழுதப் போகும். வேலை வரிசைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாது, ஒரே ஸ்பூல் இடம் இரண்டு வேலைக்குப் போயிருக்கும். மோசமானால் கோல்டு ஸ்டார்ட்தான். ஸ்பூலில் இருக்கும் அத்தனை வேலையும் அத்தனை வெளியீடும் போய்விடும். கோல்டு ஸ்டார்ட் என்ற சொல்லைக் கேட்டால் முகம் வெளுக்காத சிஸ்டம் புரோகிராமரை நான் பார்த்ததில்லை.

தம்பியைக் கன்சோலைத் தொடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, டேட்டா சென்டரின் ஆபரேட்டர் அறைக்குப் போன் போட்டேன். அங்கேதான் எச்எம்சி இருக்கிறது. வன்பொருளை நேரடியாக ஆளும் கன்சோல் அது. சிஸ்டத்தின் உள்ளே இருந்துகொண்டு அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை. வெளியே இருந்து பார்க்கிற ஒருவர் வேண்டும். போன் ஒருமுறை துண்டாகி மறுபடி கிடைத்தது. ஆபரேட்டர் நல்ல மனுஷன், நிதானமாகப் பேசினார். சி-யின் பார்ட்டிஷன், அதாவது இயந்திரத்தில் அதற்கென்று பிரித்துக் கொடுத்த பங்கு, எந்த நிலையில் இருக்கிறது, வெயிட் கோட் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். தேடிப் பார்த்தார். வெயிட் கோட் இல்லை. செயலிகள் நிறுத்தப்பட்ட நிலையில் இருந்தன.

இங்கேதான் கதை. ஒரு இசட்-ஓஎஸ் தானாகச் செத்தால் பெரும்பாலும் ஒரு வெயிட் கோட் விட்டுவிட்டுத்தான் சாகும், ஏன் செத்தேன் என்று எழுதி வைத்தது மாதிரி. இது அப்படி இல்லை. யாரோ எச்எம்சியிலிருந்து ஸ்டாப் கொடுத்திருக்கிறார்கள். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு அவரே சொன்னார்: டெஸ்ட் பார்ட்டிஷன் ஒன்றை ஐபிஎல் செய்ய, அதாவது முதலிலிருந்து கிளப்ப வேண்டியிருந்தது, அதை நிறுத்தினேன் என்று நினைத்தேன் என்று. அந்த டெஸ்ட் பார்ட்டிஷனின் பெயருக்கும் சி-யின் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்தப் பெயர்களை வைத்தவர்களைத்தான் நான் குறை சொல்வேன், அவரை இல்லை.

நிறுத்தப்பட்ட சிஸ்டம் செத்த சிஸ்டம் இல்லை. ஸ்டார்ட் கொடுத்தால், எந்தக் கட்டளையில் நின்றதோ அதற்கு அடுத்த கட்டளையிலிருந்து எழுந்து ஓடும். இடையில் நேரம் போனது அதற்குத் தெரியாது. பூட்டு இன்னும் தன் கையில்தான் என்று நினைத்துக்கொண்டே எழும். தம்பி அந்த ஒரு வரியை அடித்திருந்து, ஆபரேட்டர் தன் தவறைக் கண்டுபிடித்து அவசர அவசரமாக ஸ்டார்ட் கொடுத்திருந்தால்? இரண்டு பேருமே தங்கள் பக்கம் சரியான வேலையைத்தான் செய்திருப்பார்கள்.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு வழி. ரீசெட் செய்து, டவுன் சொல்லி, பூட்டை விடுவித்து, சி-யை மறுபடி ஐபிஎல் செய்வது ஒன்று. அது பாதுகாப்பானது, ஆனால் சி-யில் ஓடிக்கொண்டிருந்த எல்லாம் போகும். மற்றது ஸ்டார்ட். 402-க்கு யாரும் பதில் சொல்லவில்லை. பூட்டை யாரும் தொடவில்லை. நின்று சில நிமிஷங்கள்தான் ஆகியிருந்தன. அதாவது சி-க்குத் தெரியாமல் எதுவும் மாறியிருக்கவில்லை. தம்பியிடம் இரண்டாவது முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன், ஒன்றும் அடிக்கவில்லையே என்று. “கையக் கட்டிக்கிட்டுதாம்க்கா இருக்கேன்” என்றான். ஆபரேட்டரிடம் பார்ட்டிஷன் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன்.

சி எழுந்தது. பூட்டை விட்டது. 402 கன்சோலிலிருந்து தானாக மறைந்தது. வரிசையில் நின்ற வேலைகள் மடமடவென்று ஓட ஆரம்பித்தன. சி வழியாக வந்திருந்த சில நெட்வொர்க் இணைப்புகள் அறுந்திருந்தன, அவை திரும்ப வந்துவிட்டன. விடுவிக்கும் கட்டளை அன்றைக்குத் தேவையே படவில்லை.

உண்மையிலேயே செத்துப்போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. அப்போது செய்ய வேண்டிய முறை வேறு. முதலில் தடயம்: சிஸ்டத்தின் நினைவகத்தை அப்படியே படியெடுத்து வைக்கும் ஸ்டாண்ட்-அலோன் டம்ப் புரோகிராமை அந்த பார்ட்டிஷனிலேயே லோடு செய்ய வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேரே ஐபிஎல் செய்பவர்கள், ஏன் செத்தது என்று பிறகு கேட்கும்போது விழிப்பார்கள். அந்த லோடிலேயே ரீசெட்டும் நடந்துவிடுகிறது, தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் டவுன். அதற்கும் பிறகுதான், பூட்டு இன்னும் விடுபடாமல் இருந்தால், அந்த ஒரு வரி. அப்புறம் செத்த சிஸ்டத்தில் பாதியில் நின்ற வேலைகளை மற்ற சிஸ்டம்கள் எடுத்துக்கொள்ள வழிவிடும் கட்டளை இருக்கிறது, டாலர்-ஈ-மெம்பர். அதைத் தானாகவே நடக்கும்படியும் அமைக்கலாம். நான் அமைக்க மாட்டேன். பிரீமியம் பிடிக்கும் வேலை ஒன்று பாதி ஓடிய நிலையில் மறுபடி முதலிலிருந்து ஓடினால், மறுநாள் காலையில் ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் போனவர்கள் போன் செய்வார்கள். எந்த வேலையைத் திரும்ப ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாது என்று அப்ளிகேஷன்காரர்கள்தான் சொல்ல வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பினால் திட்டுவார்கள், பரவாயில்லை.

பிறகு நடந்த மீட்டிங்கில் கிளையன்ட் பக்கம் ஒரு கேள்வி வந்தது. எக்ஸ்சிஎஃப் மனிதரைக் கேட்காமல் தானே முடிவெடுக்கும்படி அமைக்கலாம். பதில் சொல்லாத சிஸ்டத்தை, இத்தனை நொடிக்குள் டிஸ்க் பக்கம் போக முடியாதபடி வெட்டிவிடும். லினக்ஸ் கிளஸ்டர்காரர்கள் இதையே இன்னும் முரட்டுத்தனமாக, பக்கத்து கணினியின் தலையில் சுடு என்ற பொருளில் பேர் வைத்திருக்கிறார்கள். இந்த கிளையன்ட் பல வருஷமாக, கேட்டுவிட்டுச் செய் என்ற அமைப்பிலேயே வைத்திருக்கிறது. அதை மாற்றச் சொல்லி நான் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“தானாக வெட்டும்படி வைத்திருந்தால் அன்றைக்கு உயிரோடு இருந்த சி-யைக் கொன்றிருக்குமே?” என்றார் அவர்களில் ஒருவர்.

கொன்றிருக்கும்தான். ஆனால் கொன்றது உறுதியாக இருந்திருக்கும். ஸ்டார்ட் கொடுத்தாலும் அது எழுந்து வந்து எழுத முடியாது. சி-யை ஐபிஎல் செய்துகொண்டு போயிருப்போம், அரை மணி நேர வேலை. இப்போதைய அமைப்பில், சமையலறை ஜன்னல் ஓரத்தில் இரண்டு கோடு சிக்னலோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியையும், ரன்புக்கில் கண்ட கட்டளையை அடிக்கத் துடிக்கும் ஒருவனையும் நம்பி அவர்கள் செக்பாயின்டை வைத்திருக்கிறார்கள். இதை இவ்வளவு பட்டவர்த்தனமாக மீட்டிங்கில் சொல்லவில்லை. நாசூக்காகச் சொன்னேன். யோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள்.

இரண்டு காரியம் உடனே நடந்தது. எச்எம்சியில் இடையூறு தரும் செயல்களுக்குத் தடை போடும் வசதி உண்டு. புரொடக்‌ஷன் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டுவிட்டார்கள். ரன்புக்கில் அந்தப் பக்கத்தைத் தம்பியே திருத்தி எழுதினான். கட்டளை இப்போது இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முதல் பக்கத்தில் ஆபரேட்டர் அறையின் போன் எண்ணும், எச்எம்சி முன்னால் இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும், பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல் என்ற குறிப்பும் மட்டும் இருக்கின்றன.